அலமாரியில் கிடக்கும் அறுபது சீட்டுகள்

1990களில் மேஜிக் போட்டி மேசைகளில் உட்கார்ந்த அனைவருக்கும்,



முதலில் ஒரு பெயர்: பெர்ட்ராண்ட் லெஸ்ட்ரே. பிரான்சுக்காரர். 1994 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஜென் கான் விளையாட்டு விழாவில் நடந்த முதல் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றவர். பதினெட்டு மாதம் கழித்து, 1996 பிப்ரவரியில், நியூயார்க்கில் நடந்த முதல் ப்ரோ டூர் (தொழில்முறைத் தொடர்) போட்டியின் இறுதி ஆட்டத்திலும் தோற்றவர் அவரேதான். இந்த ஆட்டத்தின் வரலாற்றில் 'முதல்' என்று சொல்லத்தக்க இரண்டு பெரிய மேடைகள். இரண்டிலும் கடைசி மேசை வரை வந்தார், இரண்டிலும் இரண்டாமிடம்.

இந்த மடல் அவரையும், அவருக்கு முன்னால் மூன்றாவது சுற்றில், இரண்டாவது சுற்றில், முதல் சுற்றிலேயே தோற்று எழுந்துபோன நூற்றுக்கணக்கானவர்களையும் நினைத்து எழுதப்படுகிறது. அதாவது, உங்களை.

மேஜிக் ஆடாத தமிழ் வாசகர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக நாலு வரி. 'மேஜிக்: தி கேதரிங்' என்பது இரண்டு மந்திரவாதிகளுக்கு இடையே நடக்கும் சண்டையாகக் கற்பனை செய்யப்பட்ட சீட்டாட்டம். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி. நிலச் சீட்டிலிருந்து 'மானா' என்ற சக்தி கிடைக்கும்; அதைச் செலவழித்து மந்திரமோ பூதமோ தேவதையோ இறக்கலாம். நம் வீடுகளில் ரம்மிக்கு 52 சீட்டும் எல்லோருக்கும் பொது. இங்கே அப்படியில்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தனக்கு வேண்டியதை ஒவ்வொருவரும் தானே பொறுக்கி, தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வருவார். பாதி ஆட்டம் மேசைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில், தரையில் சீட்டைப் பரப்பிவைத்து யோசிக்கும்போதே நடந்துவிடும்.

இதைச் செய்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர். அவர் முதலில் கொண்டுபோனது 'ரோபோராலி' என்ற பலகை ஆட்டத்தை. விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கிய பீட்டர் அட்கிசனிடம் அதை அச்சிடப் பணம் இல்லை. செலவு குறைந்த, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, விழாக்களில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஆடி முடிக்கக்கூடிய ஒன்று இருந்தால் சொல் என்றார் அட்கிசன். அதற்குப் பதிலாக வந்ததுதான் மேஜிக். 1993 ஆகஸ்டில் வெளியான முதல் அச்சான 'ஆல்ஃபா'வில் மொத்தம் 26 லட்சம் சீட்டுகள். அவை சில வாரங்களிலேயே தீர்ந்துபோயின.

கார்ஃபீல்ட் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு பலகை ஆட்டத்துக்குச் செலவழிக்கும் அளவுக்கு ஒருவர் சில பாக்கெட்டுகள் வாங்குவார், அவ்வளவுதான் என்று நினைத்தார். ஒரு ஊரில் அபூர்வமான சீட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அது கைமாறிக் கைமாறிச் சுற்றும். யாருக்கும் எல்லாச் சீட்டும் தெரியாது. சீட்டு ஊர் சுற்றுவதற்காகவே ஒரு விதியும் வைத்தார்: ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்கொரு சீட்டைப் பணயமாகத் தனியே வைக்க வேண்டும், ஜெயித்தவருக்கு இரண்டும். பகடையாட்டத்தின் கதை தெரிந்த நமக்குப் பணயம் புதிதல்ல. ஆனால் நீங்கள் பாக்கெட் பாக்கெட்டாக அல்ல, பெட்டி பெட்டியாக வாங்கினீர்கள். கணக்கு முதல் மாதத்திலேயே கவிழ்ந்தது.

கவிழ்ந்த அந்த இடத்தில்தான் போட்டி பிறந்தது என்பது இம்மடலின் கருத்து.

ஆரம்ப விதிப்படி ஒரு கட்டில் 40 சீட்டு இருந்தால் போதும். ஒரே சீட்டு எத்தனை பிரதி வேண்டுமானாலும் இருக்கலாம். இதன் விளைவை நீங்கள் மறந்திருக்க முடியாது. முதல் முறையிலேயே 'மலை' என்ற நிலச் சீட்டு ஒன்று, சக்தியைக் கொட்டும் ஒரு பிளாக் லோட்டஸ், அதிலிருந்து சேனல். சேனல் வந்துவிட்டால் உயிரைக் கொடுத்துச் சக்தி வாங்கலாம். 20 உயிரில் 19ஐக் கொடுத்து, ஒன்றே ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, திரட்டிய அத்தனை சக்தியையும் ஃபயர்பாலில் ஏற்றினால் எதிரே இருப்பவர் ஒரு சீட்டுக்கூடப் போடாமல் சாம்பல். நாலு சீட்டில் ஆட்டம் முடிந்தது. அதைச் செய்தவருக்கும் செய்யப்பட்டவருக்கும் அது வாழ்நாள் கதை.

1994 ஜனவரியில் 'டூயலிஸ்ட்ஸ் கான்வொகேஷன்' என்ற போட்டி அமைப்பு ஒழுங்கு கொண்டுவந்தது. கட்டுக்கு 60 சீட்டு, ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் 4 பிரதி, ஆபத்தான சிலவற்றுக்கு ஒரே ஒரு பிரதி. அந்த ஒற்றைப் பிரதிப் பட்டியலை இன்று எடுத்துப் படித்தால் மனம் கனிந்துவிடும். பிளாக் லோட்டஸ் இருக்கிறது, ஆன்செஸ்ட்ரல் ரீகால் இருக்கிறது, சரி. அதே வரிசையில் டிங்கஸ் எக் இருக்கிறது. ஆர்க்கிஷ் ஓரிஃப்ளேம் இருக்கிறது. பின்னால் எவரும் திரும்பிக்கூடப் பார்க்காத சீட்டுகள் இவை. ஓரிஃப்ளேமுக்குக் காரணம் ஒரு அச்சுப்பிழை: 4 மானா என்று இருக்க வேண்டியது ஆல்ஃபாவில் 2 என்று விழுந்துவிட்டது. டிங்கஸ் எக்கைப் பார்த்து அந்த அளவுக்குப் பயந்த ஒரு காலம் இருந்தது என்பது எவ்வளவு நல்ல செய்தி! எது வலியது, எது எளியது என்று ஆட்டத்தை நடத்தியவர்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எல்லோரும் சேர்ந்து தடவித் தடவிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் அந்தக் காலத்தின் முகம்தான். ஆல்ஃபா சீட்டின் மூலைகள் மற்ற அச்சுகளைவிட அதிகமாக வளைந்திருக்கும். இரண்டையும் கலந்து ஆடினால் முதுகுப்பக்கம் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடலாம். அதனால் உறை போடு, இல்லையென்றால் முழுக்க ஆல்ஃபாவாகவே கொண்டு வா. கேயாஸ் ஆர்ப் என்ற சீட்டை ஓரடி உயரத்திலிருந்து மேசைமேல் புரட்டிப் போட வேண்டும். அது எந்தச் சீட்டைத் தொடுகிறதோ அது அழியும். அதற்குப் பயந்து தன் சீட்டுகளை மேசையின் நாலு மூலைக்கும் தள்ளித் தள்ளி வைத்தவர்கள் உங்களில் உண்டு. ஒருவர் ஆர்ப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து எதிரியின் பக்கம் தூவினார் என்றொரு கதை ஊர் ஊராகச் சொல்லப்பட்டது. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை எல்லா மேசையிலும் இருந்தது. ஷாரசாட் என்ற சீட்டைப் போட்டால் நடக்கும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதற்குள் இன்னொரு குட்டி ஆட்டம் ஆடி முடிக்க வேண்டும். கதைக்குள் கதை சொன்ன அரபுக் கதைநாயகியின் பெயர் அதற்கு மிகப் பொருத்தம். சுற்று நேரம் கரைந்துபோகிறதே என்று தவித்த நடுவர்களுக்கு அந்தப் பொருத்தம் இனித்திருக்காது.

மில்வாக்கிக்கு வருவோம். அங்கே ஜெயித்தவர் ஸாக் டோலன் என்ற அமெரிக்கர். அவர் கட்டை விளக்கினால் அந்தக் காலத்தின் அழகு புரியும். இந்த ஆட்டத்தில் பயன்படுத்திய சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பார்கள். அடுத்து தன் முறை வரும்போது நிமிர்த்திக்கொள்ளலாம். டோலனிடம் ஸ்டேசிஸ் என்ற சீட்டு இருந்தது. அது மேசையில் இருக்கும்வரை யாருக்கும் நிமிர்த்தும் உரிமையே கிடையாது. திரும்பியது திரும்பியபடி, எல்லாம் உறைந்துவிடும். கூடவே செரா ஏஞ்சல் என்ற தேவதையையும் வைத்திருந்தார். தாக்கப் போகும்போது திரும்பாத சீட்டு அது. மேசை முழுக்கப் பனிபோல் உறைந்து கிடக்க, அவள் மட்டும் முறைக்கு முறை பறந்து வந்து நாலு நாலு புள்ளியாகக் கழிப்பாள். ஐந்து அடி. இருபது உயிர் தீர்ந்தது. இரண்டு சீட்டின் மேல் அச்சடித்திருந்த வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த ஒரு மனிதனின் கண்டுபிடிப்பு அது. கம்ப்யூட்டர் சொல்லித் தரவில்லை.

அப்படிக் கண்டுபிடித்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் பிரையன் வைஸ்மேன் கட்டிய கட்டுக்கு 'தி டெக்' என்றே பெயர், அது ஒன்றுதான் கட்டு என்பதுபோல. எதிரி போடும் ஒவ்வொன்றையும் தடுத்து, அழித்து, கையில் அவரைவிட அதிகச் சீட்டு வைத்துக்கொண்டே போனால் வெற்றி தானாக வரும் என்று அவர் காட்டினார். ஜெயிப்பதற்கென்று அவர் பெரிதும் நம்பியது இரண்டே இரண்டு செரா ஏஞ்சல்களை. அதற்கு நேர் எதிராக, ஜே ஷ்னைடர் கட்டிய சிவப்புக் கட்டை 1996இல் அட்லாண்டாவில் நடந்த ப்ரோ டூர் தகுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார் பால் ஸ்லை. உள்ளே இருந்தவை ஐயர்ன்கிளா ஆர்க்ஸ் மாதிரி, யாரும் இலவசமாகவே கொடுத்துவிடும் சீட்டுகள். ஆனால் முதல் முறையில் ஒரு மானாவுக்கு ஒன்று, இரண்டாவதில் இரண்டுக்கு ஒன்று என்று, கிடைக்கும் சக்தியில் ஒரு துளி வீணாகாதபடி எண்ணி எண்ணி அடுக்கியிருந்தார்கள். ஸ்லை இரண்டாமிடம் பிடித்தார். இன்றுவரை அவ்வகைக் கட்டுக்கு 'ஸ்லை' என்றுதான் பெயர். ஜெயித்தவர் பெயரைவிட இரண்டாமிடத்தவர் பெயர் நிலைத்துவிட்ட இடம் அது.

1996 பிப்ரவரி. நியூயார்க், மன்ஹாட்டனில் பக் பில்டிங். வெளியே பனிப்புயல், ஆட்கள் வந்து சேரத் தாமதம், போட்டி தொடங்கவும் தாமதம். சீட்டாடிச் சம்பாதிக்கலாம் என்று முதன்முதலாக அறிவித்த மேடை அதுதான். ஜெயித்த மைக்கேல் லொகாண்டோவுக்கு 12,000 டாலர். இளையோருக்குத் தனிப் பிரிவு, அவர்களுக்குக் கல்வி உதவித்தொகை. பின்னாளில் 2000ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸில் உலகப் பட்டம் வென்ற ஜான் ஃபிங்கல் அன்று அந்த இளையோர் பிரிவில் ஒரு பையன். அந்தப் போட்டிக்கு ஒரு விசித்திர விதியும் இருந்தது: அப்போது செல்லுபடியான ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் குறைந்தது 5 சீட்டு கட்டில் இருக்க வேண்டும். 'ஹோம்லேண்ட்ஸ்' என்ற தொகுப்பு அதற்குச் சில மாதம் முன்புதான் வந்திருந்தது. அதில் உருப்படியாக ஏதாவது தேறுமா என்று எல்லோரும் சலித்துப் பார்த்தார்கள். செரேட்டட் ஆரோஸ் என்ற முத்து அப்படித்தான் பலர் கண்ணில் பட்டது. கட்டாயத்தால் கிடைத்த முத்து என்றாலும் முத்துதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த உலகப் போட்டியை நினைவில் வைத்திருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் டாம் சான்பெங் தன் கட்டின் பட்டியலை எழுதிக் கொடுக்கும்போது நாலு அடார்கர் வேஸ்ட்ஸை எழுத மறந்துவிட்டார். வெள்ளை மானாவும் நீல மானாவும் தரும் நிலச் சீட்டு அது. எழுதாதது செல்லாது, அதற்குப் பதில் வெள்ளை மானா மட்டும் தரும் சமவெளிகளைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. கட்டில் இருந்த நீலச் சீட்டைப் போட வழியே இல்லாமல் போனது. அப்படியும் இறுதியில் மார்க் ஜஸ்டிஸை வென்று உலகப் பட்டத்தை எடுத்துப் போனார். இதைவிட நல்ல கதையை எந்த விளையாட்டு வைத்திருக்கிறது?

1997இல் பாரிஸில் நடந்த ப்ரோ டூரில், தன் கட்டில் வெல்வதற்கு வைத்திருந்த ஒரே ட்ரெயின் லைஃப் ஏற்கெனவே கையைவிட்டுப் போய்விட்ட நிலையிலும் மைக் லாங் அசராமல் ஆடிக்கொண்டே போனார். 'எப்படியும் முடிந்துவிட்டது' என்று நம்பி எதிரே இருந்தவர் அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தவர் அதே மார்க் ஜஸ்டிஸ். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ப்ரோ டூரில் டேவிட் மில்ஸ் இறுதி ஆட்டத்தின் நடுவே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஏமாற்றியதற்காக அல்ல. மந்திரத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் நிலச் சீட்டைத் திருப்பும் பழக்கம் அவருக்கு. முதலில் திருப்பு, பிறகு சொல் என்பது அன்றைய விதி. எச்சரிக்கை மேல் எச்சரிக்கை சேர்ந்து, பட்டம் பின்லாந்தின் டாமி ஹோவிக்குப் போனது. ஹோவி அதற்குத் தகுதியானவர்தான். 2005இல் ப்ரோ டூருக்கென்று ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் ஐவரில் அவரும் ஒருவர். ஆனாலும் அந்தத் தண்டனை அதிகம். அதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலம் குறையில்லாத காலம் என்று இம்மடல் சொல்லவில்லை. விதிகள் ஊருக்கு ஊர் வேறாகப் படிக்கப்பட்டன. பணம் உள்ளவரிடம் வலிய சீட்டு இருந்தது. மேசைகளில் பெண்கள் மிகச் சிலரே. ஒரு பெண் ப்ரோ டூரின் கடைசி எட்டுப் பேரில் ஒருவராக வர 2013 ஆக வேண்டியிருந்தது. மாண்ட்ரியாலில் மெலிசா டெடோரா அதைச் செய்தார். இன்றைய போட்டிகள் பல வகையில் நியாயமானவை, திறமை மிக்கவை. 1996இன் சிறந்த ஆட்டக்காரரை இன்றைய சாதாரணப் போட்டி ஒன்றில் உட்காரவைத்தால் அவர் திணறுவார்.

ஆனால் ஒன்று திரும்ப வராது. இன்று புதிய தொகுப்பு வெளியானால், இணையத்தில் ஆடப்படும் எண்ணற்ற ஆட்டங்கள் சில நாளிலேயே அதைச் சல்லடை போட்டுவிடும். எது சிறந்த கட்டு என்ற விடை, கேள்வி எழும் முன்பே கையில் வந்துவிடும். நீங்கள் உட்கார்ந்த மேசையில் விடை கிடையாது. எதிரே இருப்பவர் ஒரு சீட்டை வைப்பார். நீங்கள் குனிந்து அதை எடுத்து வாசிப்பீர்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அப்படியொரு சீட்டைப் பார்ப்பீர்கள். போட்டியின் நடுவே 'இது என்ன?' என்று வியக்க முடிந்த காலம் அது. ஏக்கம் என்று சொன்னால் அந்த வியப்பின் மீதான ஏக்கம்தான்.

இப்போது உங்கள் சீட்டுகளைப் பற்றிச் செய்தி வந்தால் அது விலையைப் பற்றியே வருகிறது. 2021 ஜனவரியில் ஆல்ஃபா அச்சின் பிளாக் லோட்டஸ் ஒன்று 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. அதன் பிளாஸ்டிக் உறையில், ஓவியத்தை வரைந்த கிறிஸ்டோபர் ரஷ்ஷின் கையெழுத்து இருந்தது. அவர் 2016இல் காலமாகிவிட்டார். கசங்காத மூலைக்கும் கீறல் படாத முகத்துக்கும்தான் அந்த விலை. சொல்லப்போனால், ஆடப்படாமல் இருந்ததற்கான விலை. உங்கள் லோட்டஸ் அப்படியில்லை. உறை இல்லாமல் கலைத்துக் கலைத்து ஓரம் வெளுத்திருக்கும். சந்தையில் மதிப்புக் குறைவுதான். போட்டியின் வரலாறு அந்த வெளுத்த ஓரத்தில்தான் இருக்கிறது.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் காப்பாற்றியவர்கள் உண்டு. முதல் ப்ரோ டூரின் கடைசி எட்டுக் கட்டுகளைத் தங்க நிற ஓரமிட்டு நிறுவனமே தனியாக அச்சிட்டது. பின்னர் உலகப் போட்டிக் கட்டுகளும் அப்படி வந்தன, ஆடியவரின் கையெழுத்தைச் சீட்டின் முகத்திலேயே பதித்து. போட்டியில் செல்லுபடியாகாத சீட்டுகள், ஆனால் எவ்வளவு பெரிய ஆவணம்! ஸ்வீடனில் பழைய ஆட்டக்காரர்கள் 1993, 1994 ஆண்டுச் சீட்டுகளை மட்டும் வைத்து ஆடும் முறையைத் தொடங்கினார்கள். கோதன்பர்க்கில் அவர்கள் நடத்தும் போட்டியில் பரிசு ஒரே ஒரு ஜயன்ட் ஷார்க் சீட்டு. காசுக்கு ஆகாத சீட்டு. அதில் ஆடியவர்கள் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். 1995 முதல் 2003 வரையிலான சீட்டுகளுக்கென்று 'ப்ரீமாடர்ன்' என்ற முறையும் அதே நாட்டில்தான் பிறந்தது. இப்போது பல நாடுகளில் ஆடுகிறார்கள்.

ஆனால் இவை எல்லாம் மேல்மட்டத்தில் நின்றவர்களின் பதிவு. கடைசி எட்டுக்குள் வந்தால் பெயர் இருக்கும், கட்டு இருக்கும். நீங்கள் வந்தது முப்பத்தேழாவது இடம். உங்கள் ஊர்க் கடையின் பின்னறையில், மடக்கு மேசையில், பதினாறு பேருக்கு நடந்த போட்டி எந்த ஆவணத்திலும் இல்லை. அங்கே ஒருவர் ஸ்டேசிஸை முறியடிக்க ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். அதை அவரைத் தவிர ஐந்து பேருக்குத் தெரியும். அந்த ஐந்து பேருக்கும் இப்போது ஐம்பது வயதை ஒட்டி ஆகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அலமாரியில், கட்டிலுக்கு அடியில், அம்மா வீட்டுப் பரணில் கிடக்கும் அந்த அட்டைப்பெட்டியை இந்த வாரம் இறக்குங்கள். விற்பதற்கு அல்ல. கடைசியாகப் போட்டிக்கு எடுத்துப்போன கட்டு இன்னும் ரப்பர் பேண்டு போட்டபடி இருந்தால் அதைப் பிரித்து, அறுபது சீட்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எந்தச் சீட்டை ஏன் வைத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சுற்றில் தோற்றீர்கள் என்றும் குறியுங்கள். தோற்ற சுற்றைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். லெஸ்ட்ரேயின் பெயரை இத்தனை ஆண்டு கழித்தும் நாம் சொல்வது அவர் தோற்ற இரண்டு ஆட்டங்களுக்காகத்தான். பிறகு அந்தத் தாளின் கீழே, அன்று உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயர் நினைவிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்.